ஐ.பி. முகவரி ஆள் அல்ல, ஐயா!

"ஐ.பி. அட்ரஸ் கிடைச்சிடுச்சு சார், ஆளைத் தூக்கிடலாம்!"

இந்த வசனம் இல்லாத போலீஸ் படம் தமிழில் இப்போது அபூர்வம். கண்ணாடி போட்ட ஒரு பையன் நாலு விசையைத் தட்டுவான், திரையில் வரைபடம் சுழலும், ஒரு சிவப்புப் புள்ளி வந்து ஒரு வீட்டின் மேல் நிற்கும். அடுத்த காட்சியில் ஜீப். சினிமாவில் இருந்துவிட்டுப் போகட்டும், காசு கொடுத்துத்தான் பார்க்கிறோம். ஆனால் இதே நம்பிக்கையில் காவல்துறையும் வக்கீல்களும் பத்திரிகைகளும் நடந்துகொள்ளும்போது ஜீப் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நெட்வொர்க் வேலையில் வயிறு வளர்ப்பவன் என்பதால் இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐ.பி. முகவரி என்பது ஆள் அல்ல. வீடும் அல்ல. வாடகை எண். அவ்வளவுதான்.

இதை விளக்க எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். திருவனந்தபுரம் சாலை. கிழக்கேக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகும் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உருவான சந்தை. கேரளத்துத் தலைநகரின் நடுவில் தமிழ்ப் பேச்சு விடாமல் கேட்கும் இடம். ஆ. மாதவன் கதைகளைப் படித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்கெடுக்க வரும் வியாபாரிகள் ஒரு ராத்திரி தங்கிப் போக அந்தப் பக்கம் லாட்ஜுகள் உண்டு.

ஒரு லாட்ஜில் 12-ஆம் நம்பர் அறையில் தங்கியவன் ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வந்து மேனேஜரிடம், "12-ஆம் நம்பர்காரன் யார்?" என்று கேட்டால், விவரமான மேனேஜர் திருப்பிக் கேட்பார்: "எந்தத் தேதி சார், எத்தனை மணிக்கு?" ஏனென்றால் நேற்று அங்கே தங்கியவர் வள்ளியூர் வாழைக்காய் வியாபாரி. இன்று காலையில் வந்தவர் தென்காசிக்காரர். சாயங்காலம் வேறொருவர். அறை எண் மாறவில்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். ரிஜிஸ்டரில் தேதியும் நேரமும் சரியாக எழுதியிருந்தால்தான் பதில் சரியாக இருக்கும்.

இணைய நிறுவனம் அந்த லாட்ஜ். உங்கள் மோடம் வாடிக்கையாளர். ஐ.பி. முகவரி அறை எண்.

எண்ணை ஏன் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்?

பழைய முறை ஐ.பி. முகவரி (நான்காம் பதிப்பு) 32 பிட் எண். மொத்தமாகக் கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி முகவரிகள். உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது, ஆளுக்கு இரண்டு மூன்று கருவிகள் வேறு. உலகப் பொதுக் கிடங்கில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதே ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்துக் கிடங்கும் ரேஷன் முறைக்கு வந்துவிட்டது. இருப்பது கொஞ்சம், கேட்பவர் அதிகம். லாட்ஜ்காரர் என்ன செய்வார்? காலியான அறையை உடனே அடுத்தவருக்குக் கொடுப்பார்.

வீட்டு இணைப்பில் இது இரண்டு விதமாக நடக்கிறது. டி.ஹெச்.சி.பி. என்ற முறையில், எண் குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. குத்தகைக் காலத்தில் பாதி போனதும் உங்கள் ரவுட்டர் தானே புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரே எண் மாதக்கணக்கில்கூட உங்களிடம் இருக்கலாம். ரவுட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால், குத்தகை முடிந்து எண் வேறொருவருக்குப் போகும். இன்னொன்று பி.பி.பி.ஓ.இ. முறை. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைவது. இந்தியாவில் தொலைபேசிக் கம்பி வழியாக அகலப்பட்டை வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இதில் ஒவ்வொரு முறை மோடத்தை அணைத்துப் போடும்போதும் பெரும்பாலும் வேறு எண்தான் வரும். யார், எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார், என்ன எண் கொடுத்தோம் என்று நிறுவனத்தின் கணக்குப் பதிவேட்டில் ஒரு வரி ஏறும்.

இப்போது துலாமாசத்து மழையை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இடி இடித்ததும் தெரு முழுக்கக் கரண்ட் போகிறது. அத்தனை மோடமும் ஒரே நொடியில் சாகிறது. "வெளியேறுகிறேன்" என்று ஒரு மோடமும் முறைப்படி சொல்லிவிட்டுப் போகவில்லை. நிறுவனத்தின் கருவி கொஞ்ச நேரம் காத்திருந்து, பதில் இல்லாததால் தானே கணக்கை மூடும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால், தெருவில் இருக்கும் அத்தனை மோடமும் ஒரே நிமிடத்தில் முண்டியடித்துக்கொண்டு எண் கேட்கும். சற்று முன் பாத்திரக் கடைக்காரரிடம் இருந்த எண் இப்போது மாடியில் குடியிருக்கும் ஆசிரியை வீட்டில். ஆசிரியையின் எண் ஜவுளிக் கடையில். இந்த நேரத்தில் ஒரு கடிகாரம் இரண்டு நிமிடம் தப்பாக ஓடினால் போதும், குற்றவாளி மாறிவிடுவார்!

ஐம்பது நாள்

"இதெல்லாம் கற்பனை, நடைமுறையில் நடக்காது" என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2007 ஆகஸ்ட் கடைசி. பெங்களூரில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் இளைஞரைப் புனே போலீசார் வந்து கைது செய்தார்கள். ஆர்க்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம்? ஓர் ஐ.பி. முகவரி. அது யாருடையது என்று கேட்டதற்கு ஏர்டெல் கொடுத்த வாடிக்கையாளர் விவரம். அந்த விவரம் தவறு. அந்த எண் அந்த நேரத்தில் அவரிடம் இல்லவே இல்லை. இது தெரிந்து அவர் வெளியே வருவதற்குள் எரவாடா சிறையில் 50 நாள் ஓடிவிட்டது. பிற்பாடு மகாராஷ்டிர மாநில மனித உரிமை ஆணையம் அவருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரு நாளுக்கு நாலாயிரம் ரூபாய் என்று கணக்கு வருகிறது. லாட்ஜ் வாடகை மாதிரி!

அந்த இளைஞரின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. செய்யாத குற்றத்தோடு அவர் பெயர் போதுமான அளவு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தியாவில்தான் இப்படி என்று வெளிநாட்டில் இருக்கும் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் முடியாது. 2011-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒருவரைக் கைது செய்தார்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பகிர்ந்தார் என்று. யோசித்துப் பாருங்கள், மனைவி மக்களோடு இருக்கிற மனிதர் மேல் இதைவிடக் கேவலமான குற்றச்சாட்டு உண்டா? கடைசியில் என்ன தெரிந்தது? ஐ.பி. முகவரியைத் தட்டச்சு செய்த இடத்தில் ஓர் இலக்கம் கூடுதலாக விழுந்திருந்தது. ஒரே ஓர் இலக்கம்! அந்த உண்மையை வெளியே கொண்டுவர அவர் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பிறகு 60,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. ஐ.பி. முகவரி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு நிறுவனம், "அமெரிக்காவில் எங்கோ" என்பதற்கு மேல் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைத் தோராயமாகப் போட்டுவைத்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணை மேல் விழுந்துவிட்டது. 2016-ல் விஷயம் வெளியே வந்தபோது 60 கோடிக்கும் அதிகமான முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தன. திருட்டு, மோசடி, காணாமல் போனவர் என்று தேடி வந்த போலீஸ்காரர்களுக்கு அந்த வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சினிமாவில் வரும் சிவப்புப் புள்ளியின் லட்சணம் இதுதான்.

எந்த ஊர் மணி?

என் பெரியப்பா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலையில் கடை, மாடியில் வீடு. இணைய இணைப்பு அவர் பெயரில். ஏன் அவர் பெயரில்? முகவரிச் சான்று அவரிடம்தான் இருக்கிறது. அவருக்கு ஈமெயில்கூடப் பார்க்கத் தெரியாது. பயன்படுத்துபவர்கள் கடைப் பையன்கள், பேரப்பிள்ளைகள், பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். 2016-ல் ஒரு நாள் அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ பண மோசடி, உங்கள் பெயரில் உள்ள இணைப்பிலிருந்து நடந்திருக்கிறது என்று. மூன்று தடவை போய்க் காலை முதல் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ராத்திரி போனில், "மக்களே, எழுவது வயசுக்கு மேல நான் யாரு சொத்தைக் களவாண்டேன்?" என்று கேட்டபோது அவர் குரல் சரியாக இல்லை.

நான் இங்கே டொராண்டோவிலிருந்து அவரைக் கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: "அந்தக் காகிதத்தில் இருக்கிற நேரம் எந்த ஊர் நேரம்?" காகிதத்தில் 20:10 என்று இருந்தது. இணைய நிறுவனம் அதை இந்திய நேரம் இரவு 8:10 என்று எடுத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்த்திருக்கிறது. ஆனால் அது உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அதாவது மறுநாள் அதிகாலை 1:40. தேதியே மாறிவிட்டது! அந்த நேரத்தில் அந்த எண் வேறொருவரிடம் இருந்தது. பெரியப்பாவை விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சாலைத் தெருவில் "அவரைப் போலீஸ் கூப்பிட்டது" என்ற பேச்சு மட்டும் மிச்சம்.

அறை போய் டார்மிட்டரி வந்தது

மேலே சொன்னதெல்லாம் ஓர் எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் என்றிருந்த காலத்துக் கதை. இப்போது அதுவும் இல்லை. எண் தட்டுப்பாட்டால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் உட்கார வைக்கிறார்கள். குறிப்பாகக் கைபேசி இணைப்புகளில். உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிவைத்த எண்கள் அவை.

அறை போய்விட்டது, டார்மிட்டரி வந்துவிட்டது. இப்போது "12-ஆம் நம்பரில் யார்?" என்ற கேள்விக்கு, தேதியும் நேரமும் சரியாகச் சொன்னாலும் பதில் கிடையாது. கட்டில் நம்பரும் வேண்டும். அந்தக் கட்டில் நம்பருக்குப் பெயர் போர்ட் எண். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள் உண்டு. அவற்றைத்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். ஆகவே இணையதளங்கள் முகவரியோடு போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்று இணையப் பொறியாளர்கள் 2011-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலே 2017-ல் இந்தக் கூட்டு முகவரிகளால் குற்றவாளியையும் அப்பாவியையும் பிரிக்க முடியவில்லை என்று புலம்பியது. போலீசே சொல்கிறது ஐயா! அப்புறமும் போர்ட் எண் இல்லாத ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது என்ன நியாயம்?

வளைகுடா நண்பர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2007 புத்தாண்டு சமயத்தில் விக்கிப்பீடியாவில் விஷமம் செய்கிறார்கள் என்று ஒரே ஒரு ஐ.பி. முகவரியைத் தடை செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, ஏறக்குறைய கத்தார் நாடு முழுவதும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே வருகிறது என்று. யாரோ ஒருவன் செய்ததற்கு நாடே கதவுக்கு வெளியே நின்றது.

குடும்பத்துக்குள் வரும் தகராறு

எண் சரி, நேரம் சரி, போர்ட்டும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிடைப்பது இணைப்புக்குப் பணம் கட்டுபவர் பெயர்தான். உள்ளே விசையைத் தட்டியது யார் என்று எந்த இணைய நிறுவனத்துக்கும் தெரியாது. புலம் பெயர்ந்த நமக்குத்தான் இது அதிகம் உறைக்க வேண்டும். துபாயிலும் தோஹாவிலும் ஆறு பேர் தங்கும் அறைக்கு ஓர் இணைப்பு, முதலில் வந்தவர் பெயரில். இங்கே ஸ்கார்பரோவில் கீழ்த்தள வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரர் வைஃபைதான். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் காபி கொடுப்பதற்கு முன் கடவுச்சொல் கொடுக்கிறோம்.

ஜெர்மனியில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு வக்கீல் கடிதம் என்றால் என்னவென்று தெரியும். பாட்டோ படமோ திருட்டுத்தனமாகப் பகிரப்பட்டது, முகவரி உங்களுடையது, இத்தனை யூரோ கட்டுங்கள் என்று வரும். 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில், சம்பவம் நடந்தபோது இணைப்புக்காரர் விடுமுறையில் வெளியூரில் இருந்தார். நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் வைஃபையைச் சரியாகப் பாதுகாக்காதது உங்கள் பொறுப்பு என்றது நீதிமன்றம். 2017-ல் வந்த இன்னொரு தீர்ப்பு இன்னும் கடுமை. வளர்ந்த மூன்று பிள்ளைகளில் யார் செய்தது என்று பெற்றோருக்குத் தெரியும், பெயர் சொல்ல மறுத்தார்கள். அப்படியானால் நீங்களே கட்டுங்கள் என்றது நீதிமன்றம். தகப்பனைப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லவைக்கும் அளவுக்கு ஒரு வாடகை எண்ணுக்குப் பலம் வந்துவிட்டது.

அமெரிக்காவில் ஓரளவு தெளிந்துவிட்டார்கள். வயது வந்தோரைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தின் இணைப்பில் படம் இறக்கப்பட்டது என்று இல்லத்தை நடத்தியவர் மேல் வழக்கு. இணைப்பு இவர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. கனடாவில் உச்ச நீதிமன்றம் 2014-ல், முகவரிக்கு உரியவர் பெயரைக் கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2024-ல் அந்த எண்ணைப் பெறுவதற்கே அனுமதி வேண்டும் என்று இன்னொரு படி மேலே போனது. இந்தியாவில்? காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி ஓர் உத்தரவு எழுதினால் போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 94-ஆவது பிரிவாகப் பெயர் மாறி உட்கார்ந்திருக்கிறது. நீதிபதி நடுவில் வரவே மாட்டார்.

"அப்போ குற்றவாளியை விட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். யாரும் விடச் சொல்லவில்லை. ஐ.பி. முகவரி விசாரணையின் முதல் படி. அதையே கடைசிப் படியாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். தப்பான ஆளைப் பிடித்து 50 நாள் உள்ளே வைத்தால், சரியான ஆள் அந்த 50 நாளும் வெளியே உலாத்துகிறான் என்றுதான் அர்த்தம். அவனுக்குத்தான் இது லாபம்.

"ஆளுக்கு ஒரு நிரந்தர எண் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே" என்பது அடுத்த யோசனை. ஆறாம் பதிப்பு முகவரிகளில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, இந்தியாவிலும் அது வேகமாகப் பரவிவிட்டது. ஆனால் அங்கேயும் எண் இணைப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல. பெரியப்பா வீட்டில் நிரந்தர எண் இருந்தாலும் பெரியப்பாதான் பெஞ்சில் உட்கார வேண்டும். மேலும், ஆயுள் முழுக்க ஒரே எண்ணோடு திரிந்தால் நாம் போன இடம் வந்த இடமெல்லாம் விளம்பரக்காரனுக்குக் கோர்வையாகக் கிடைக்கும். எண் மாறுவதில் நமக்கும் ஒரு சின்னப் பாதுகாப்பு இருக்கிறது. மாறும் ஐ.பி. முகவரியும் தனிப்பட்ட தகவலாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-ல் சொன்னதை மறக்க வேண்டாம்.

2022 ஏப்ரலில் இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு எல்லோரும் கடிகாரத்தை அரசு நேரத்தோடு பொருத்த வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கடிகாரம் சரியானால் நல்லதுதான். ஆனால் ரிஜிஸ்டரை அதிக நாள் வைத்திருப்பதற்குச் சட்டம் இருக்கிறது, தப்பாகப் படித்துச் சொன்னால் என்ன தண்டனை என்பதற்குச் சட்டம் எங்கே?

நான் கேட்பது நான்கே நான்கு:

1. நேர வலயம், போர்ட் எண் இரண்டும் எழுதாத கோரிக்கையை இணைய நிறுவனம் திருப்பி அனுப்ப வேண்டும்.
2. பதிவேட்டைப் பார்த்துச் சொல்பவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும்.
3. முகவரியைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது.
4. தவறான பெயர் கொடுத்தால் நிறுவனம் தானாகவே இழப்பீடு கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் வருடக்கணக்கில் அலைந்து வாங்கும்படி வைக்கக் கூடாது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஊரில் அப்பா அம்மா பெயரில் இணைப்பு வைத்திருப்பவர்கள் இந்த வாரம் போன் பேசும்போது ஒன்று சொல்லிவையுங்கள். இணைய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாலும் பயந்துபோய் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். என்ன எண், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஊர் மணி, எந்த போர்ட். ஐந்துக்கும் பதில் இல்லாத காகிதம் வெறும் காகிதம். ரவுட்டர் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றாமல் வைத்திருந்தால், அதை முதலில் மாற்றிவிட்டு மறு வேலை பாருங்கள்.